கோடு இல்லாத மூக்கு: பழைய ஓவியம் ஒன்றை நகலெடுத்து முகம் தீட்டப் பழகுதல்

முகம் வரையப் பழகும் பிள்ளைகள் நம் குமரி மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். கைப்பேசியில் ஒரு படம், கட்டம் போட்ட தாள், 6பி பென்சில். ஆறு மாதத்தில் சாயல் கைக்கு வந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தைத் தொட்டதும் அதே கை தடுமாறுகிறது. கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, மூக்குக்கு இருபுறமும் இரண்டு கோடு, உதட்டுக்கு ஒரு வரம்பு, நடுவில் நிரப்பிய தோல் நிறம். சாயல் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இந்தப் பழக்கத்தை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பழைய மேதை ஒருவரின் ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் பொறுமையாக நகலெடுப்பதுதான். நகல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நகல் நம் வீட்டுச் சுவரை நிரப்ப அல்ல. கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருக்கும் மூக்கை வரைகிறோமே, அந்த இடத்தில் நம்மைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சாட்சி வேண்டும். மூல ஓவியம் அந்தச் சாட்சி.

திருவிதாங்கூரில் இதற்குப் பழைய வழி உண்டு. 1949-இல் கொச்சியோடு இணையும் வரை நாமும் அந்தச் சமஸ்தானத்து மக்கள்தானே. கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவிவர்மா எந்த ஓவியப் பள்ளியிலும் படித்தவர் அல்ல. 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே எண்ணெய் வண்ணத்தின் போக்கைப் பிடித்துக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. நமக்கு ஜென்சன் கிடைக்கமாட்டார். அவரைவிடப் பெரியவர்கள் தீட்டி முடித்த படங்கள் கிடைக்கின்றன.

முதல் படி: எந்தப் படம்?

ரவிவர்மாவிலேயே தொடங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது, ஆனால் முதல் நகலுக்கு வேண்டாம் என்பேன். பட்டுச் சரிகை, நகை, மடிப்பு, கை விரல்கள், பின்னணித் தூண் என்று அவர் படங்களில் ஒரே நேரத்தில் கற்க வேண்டியவை மிகுதி. நகையைத் தீட்டியே ஆறு வாரமும் தீர்ந்துவிடும், முகத்துக்கு நேரம் இருக்காது.

முதல் நகலுக்கு மூன்று தகுதிகள் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். பெரிய வடிவங்கள் ஏழெட்டுக்கு மேல் போகக் கூடாது. தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கத்தக்க நல்ல படம் கிடைக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைந்தது டச்சு ஓவியர் யொகான்னஸ் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய ‘முத்துத் தோடு அணிந்த பெண்’: நீலத் தலைப்பாகை, மஞ்சள் அங்கி, இருண்ட பின்னணி. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்திலேயே நல்ல தரத்தில் படம் கிடைக்கும். வெர்மீர் 1675-இல் இறந்தவர் என்பதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: இது யாரோ பணம் கொடுத்துத் தீட்டச் சொன்ன உருவப்படம் அல்ல. ஒரு முகவகையை, ஓர் உடையை, ஒரு வெளிச்சத்தை ஆராயவே டச்சு ஓவியர்கள் இப்படித் தீட்டுவார்கள், இந்த வகைக்கு ட்ரோனி என்று பெயர். ஆகவே முகத்தையும் வெளிச்சத்தையும் பழக ஏற்ற படம் இது.

டச்சுக்காரர் என்றால் நமக்கு 1741-இல் நடந்த குளச்சல் போரும், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறையும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பெண்ணை வெர்மீர் தீட்டிய காலத்தில் தூத்துக்குடி அவர்கள் கையில் இருந்தது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதனால் காதில் தொங்குவது மன்னார் வளைகுடா முத்து என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. அவ்வளவு பெரிய முத்து கிடைப்பதே அரிது, கண்ணாடியில் செய்து மெருகிட்டதாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

இரண்டாம் படி: ஓர் அசல் ஓவியத்தையாவது நேரில் பாருங்கள்

தி ஹேக் போக முடியாது. திருவனந்தபுரம் போகலாம். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர், காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே அருங்காட்சியக வளாகத்தில் 1935-இல் திறந்த ஸ்ரீசித்திரா ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. அன்னத்தோடு நிற்கும் தமயந்தி அவற்றில் ஒன்று. திங்கட்கிழமை விடுமுறை. எந்தெந்தப் படங்கள் இப்போது பார்வைக்கு இருக்கின்றன என்பதைப் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்கு ரவிவர்மா என்றால் பூசை அறையில் மங்கிப்போன அச்சுப்படம்தான். அசலுக்கு முன் நின்றால் அது வேறு உலகம். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள், படத்தைப் பார்த்து வரைய வேண்டாம், மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். நெற்றியும் முடியும் சேரும் இடத்தில் கோடு இருக்கிறதா, கலங்கலாகக் கரைகிறதா? முகத்தில் மிக வெளிச்சமான ஒரே இடம் எது? நிழலுக்குள் வண்ணம் தடிமனாக இருக்கிறதா, மெலிதாகத் துணி நெசவு தெரிகிறதா? கிட்டே போய்ப் பாருங்கள், பத்தடி பின்னால் வந்து பாருங்கள். கிட்டே வெறும் வண்ணத் தீற்றலாக இருந்தது பின்னால் வந்ததும் கண்ணாகிறது. ஒருமுறை இதைக் கண்டவர்கள் அப்புறம் இமை முடிகளை எண்ணி எண்ணி வரையமாட்டார்கள்.

மூன்றாம் படி: வாங்க வேண்டியவை

அசல் 44.5 சென்டிமீட்டர் உயரம், 39 சென்டிமீட்டர் அகலம். அதே அளவில் தீட்டுங்கள். சிறிதாக்கினால் கண், வாய் எல்லாம் பொட்டளவு ஆகிவிடும். கடையில் 18 × 24 அங்குலச் சட்டமடித்த கேன்வாஸ் கேளுங்கள். அதில் 44.5 × 39 அளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து, வரம்பில் காகித டேப் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சும். கலந்த நிறத்தைப் படத்தில் வைக்கும் முன் அந்தப் பட்டையில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கலாம். ஆறு வாரத்தில் அந்தப் பட்டை உங்கள் கலவைக் குறிப்பேடாகவே மாறிவிடும்.

எண்ணெய் வண்ணத்தில் மாணவர் தரமே போதும். டைட்டானியம் ஒயிட் பெரிய டியூப் ஒன்று. சிறிய டியூபில் எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மில்லியன் (குங்குமச் சிவப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அலிசரின் கிரிம்சன் (ஆழ்ந்த சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம். ‘தோல் நிறம்’ என்று எழுதி விற்கும் டியூபை வாங்காதீர்கள். அது எவர் தோலிலும் இல்லாத நிறம்.

தூரிகையில் பன்றி முடித் தட்டை 4, 8 எண்களில் ஒவ்வொன்று, மென்மையான செயற்கை முடியில் உருண்டை முனை 0, 2, 6. பழைய தேய்ந்த மெல்லிய தூரிகை ஒன்று இருந்தால் எறியாதீர்கள், வண்ணம் தொடாத உலர்ந்த முடியால் விளிம்பைத் தேய்த்துக் கரைக்க அதைப்போல் வேறில்லை. வண்ணம் கலக்க வீட்டில் மிஞ்சிய பளபளப்பான தரை ஓடு போதும். பழுப்பு அல்லது சாம்பல் நிற ஓடாகப் பாருங்கள், வெள்ளை ஓட்டில் எல்லா நிறமும் உண்மையைவிடக் கறுத்துத் தெரியும்.

வண்ணத்தை இளக்க ஓவியர்களுக்கான ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் எந்த எண்ணெய்க்கும் பதில் தேங்காயெண்ணெய் என்று கை போகும். தேங்காயெண்ணெய் ஒருநாளும் காயாது. வண்ணத்தில் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காதீர்கள். ஆனால் வேலை முடிந்ததும் தூரிகையைக் கழுவ அது நல்லது: துணியில் துடைத்து, தேங்காயெண்ணெயில் பிசைந்து மறுபடி துடைத்து, பார் சோப்பில் நுரை வெளுக்கும்வரை கழுவினால் முடி உதிராது, டர்பன்டைன் செலவும் குறையும். சோப்பு போட்டு எண்ணெயை முழுக்க நீக்கிவிட வேண்டும் என்பது முக்கியம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் போடுங்கள்.

மூலப்படத்தை அசல் அளவிலேயே அச்சடிக்க ஏ3 தாள் போதாது, ஏ2 வேண்டும். பேனர் அடிக்கும் இடத்தில் ஃபிளெக்ஸில் எடுத்தால் நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். புகைப்படத் தாளில் எடுங்கள். நிறத்துக்கு அச்சுப்படம், நுணுக்கத்துக்குக் கைப்பேசித் திரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். திரை தானே ஒளிரும் பொருள், அதன் வெளிச்சத்தை வண்ணத்தால் எட்ட முடியாது.

நான்காம் படி: இடமும் வெளிச்சமும்

ஓவியப் பாடங்கள் எல்லாம் வடக்குச் சன்னலைச் சொல்லும். ஐரோப்பாவில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே நிற்பதால் வடக்குச் சன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் விழாது, வெளிச்சம் நாள் முழுதும் நிதானமாக இருக்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டு டிகிரியில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில்தான் வெயில். ஆகவே செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்குச் சன்னல், மற்ற மாதங்களில் தெற்குச் சன்னல். இடம் மாற வழியில்லை என்றால் பழைய வெள்ளை வேட்டியைச் சன்னலில் கட்டிவிடுங்கள், வெயில் பாலாக இறங்கும்.

அச்சுப்படத்தையும் கேன்வாஸையும் அக்கம்பக்கமாக, ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் நிறுத்துங்கள். உட்காராதீர்கள். தரையில் ஆறடி தள்ளி ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோட்டில் நின்று பார்த்து முடிவெடுத்து, முன்னால் போய் ஒரு தீற்றல் வைத்து, மறுபடி கோட்டுக்குத் திரும்புங்கள். கால் வலிக்கும். ஆனால் கேன்வாஸுக்கு முன் உட்கார்ந்தே தீட்டும் முகத்தில் இரண்டு கண்ணும் இரண்டு வேறு ஆளின் கண்ணாக இருக்கும்.

ஐந்தாம் படி: அடிநிறம் பூசி, வரைதல்

வெள்ளைக் கேன்வாஸில் தொடங்க வேண்டாம். பர்ன்ட் அம்பரில் டர்பன்டைன் கலந்து கட்டன் சாயா நிறத்துக்கு இளக்கி, துணியால் மெலிதாகத் தேய்த்துவிடுங்கள். இரண்டு நாள் காயட்டும்.

வரையும்போது சிறு கட்டங்கள் போடாதீர்கள். கட்டம் சிறுத்தால் கண் கட்டத்துக்குள் இருப்பதைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. நடுவே ஒரு நெடுக்கோடு, ஒரு குறுக்குக்கோடு, இரண்டு மூலைவிட்டம், அவ்வளவே. அச்சுப்படத்தின் மேல் தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதில் மார்க்கரால் இதே கோடுகளைப் போடுங்கள். பிறகு ஒரு நூலில் சாவியைக் கட்டித் தூக்கிப் பிடியுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலைதான். வாயின் ஓரத்துக்கு நேர் மேலே என்ன வருகிறது, முத்தின் அடிக்கு நேர் இடப்பக்கம் என்ன வருகிறது என்று படத்தில் பார்த்து, உங்கள் வரைவிலும் அதே வருகிறதா என்று பாருங்கள்.

வரிசை இது. முதலில் தலைப்பாகையும் முகமும் தோளும் சேர்ந்த வெளிவடிவம், பிறகு வெளிச்சமும் நிழலும் பிரியும் எல்லை, கடைசியில் கண், மூக்கு, வாய் இருக்கும் இடத்துக்கு வெறும் அடையாளம். அம்பரும் டர்பன்டைனும் தொட்ட மெல்லிய தூரிகையால் வரையுங்கள், பென்சில் வேண்டாம். தப்பினால் துணியால் துடைத்துவிடலாம். இரண்டு படத்தையும் தலைகீழாகத் திருப்பியும், முகம் பார்க்கும் கண்ணாடியில் பிரதிபலித்தும் பார்த்தால் கோணல் தானே வெளியே வரும். இதற்கு இரண்டு முழு அமர்வு கொடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிற்பாடு எந்த வண்ணமும் காப்பாற்றாது.

ஆறாம் படி: ஒரே நிறத்தில் முகம்

அம்பரும் கொஞ்சம் கறுப்பும் மட்டும் வைத்து வெளிச்ச அளவுகளை அமையுங்கள். வெர்மீரும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார். 2018-இல் இந்த ஓவியத்தைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, மேல்வண்ணத்துக்கு அடியில் பழுப்பிலும் கறுப்பிலும் அவர் முதலில் அமைத்த அடுக்கு தெரியவந்தது. காதின் இடத்தையும் தலைப்பாகையின் மேல்பகுதியையும் கழுத்தின் பின்கோட்டையும் நடுவே மாற்றியிருக்கிறார் என்பதும் தெரிந்தது. வெர்மீரே திருத்தினார், நாம் திருத்த என்ன தயக்கம்?

கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கம் மறைந்து மூன்றே அளவு நிற்கும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. அந்த மூன்றை மட்டும் பரப்புகளாக வையுங்கள். கோடு வேண்டாம்.

இந்த இடத்தில்தான் மூக்கு வரும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி மூக்குத் தண்டைப் பாருங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மூக்கின் ஒளிபட்ட பக்கமும் அதற்கு அப்பால் இருக்கும் கன்னமும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லையே இல்லை. மூக்குக்கு அங்கே விளிம்பை வெர்மீர் வைக்கவில்லை, நம் மனம் போட்டுக்கொள்கிறது. நான் முதலில் நகலெடுத்தபோது அந்த இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இழுத்துவிட்டு, மூன்று நாள் முகம் ஏன் கடினமாக இருக்கிறது என்று புரியாமல் நின்றேன். கோட்டைத் துடைத்த நொடியில் முகம் திரும்பியது. இந்தப் பயிற்சி முழுவதிலும் அந்த ஒரு நொடிதான் எனக்கு ஆசான். உங்களுக்கும் கை அங்கே கோடு இழுக்கும். இழுத்துப் பாருங்கள், பிறகு துடைத்துப் பாருங்கள். வித்தியாசம் சொல்லி விளங்காது.

ஏழாம் படி: தோல்

அடியடுக்கு விரலுக்கு ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் இது. அம்பர் சீக்கிரம் காயும் நிறம். வெயில் நாளில் இரண்டு நாள், சாரல் காலத்தில் நாலைந்து நாள் ஆகிறது. விதி ஒன்று உண்டு: கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் மேலடுக்கு முந்திக் காய்ந்து வெடிக்கும்.

ஓட்டில் ஐந்து குவியல் கலந்துகொண்டு தொடங்குங்கள். அதிக வெளிச்சத்துக்கு வெள்ளையோடு கொஞ்சம் ஓக்கர், ஊசிமுனை வெர்மில்லியன். அடுத்ததில் வெள்ளை குறைந்து ஓக்கரும் வெர்மில்லியனும் கூடும். மூன்றாவது, வெளிச்சம் நிழலுக்குத் திரும்பும் இடம். அதற்கு இரண்டாம் குவியலில் துளி ஐவரி பிளாக் சேருங்கள். வெள்ளையோடும் ஓக்கரோடும் சேரும்போது கறுப்பு நீலத்தின் வேலையைச் செய்யும், கலவை மெல்லிய பச்சைச் சாம்பலாகும். தயங்காமல் வையுங்கள், முகத்தில் உயிர் வருவது அந்தச் சாம்பலால்தான். நான்காவது, ஓக்கரும் வெர்மில்லியனும் அம்பரும். ஐந்தாவது, ஆழ்ந்த நிழலுக்கு அம்பரும் துளி அலிசரினும். நிழல் குவியல்களில் வெள்ளை சேர்க்காதீர்கள், நிழல் சாம்பல் பூத்துவிடும். நிழலை மெலிதாகவும் வெளிச்சத்தைத் தடிமனாகவும் வைப்பது பழைய ஓவியர்களின் வழக்கம்.

ஒவ்வொரு தீற்றலுக்கும் முன் சாக்பீஸ் கோட்டில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். பக்கத்தில் இருப்பதைவிட இது வெளிச்சமா, இருட்டா? செம்மை கூடியதா, குளிர்ந்ததா? விளிம்பு கூர்மையா, கரைந்ததா? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

எட்டாம் படி: தலைப்பாகை, பின்னணி

நீலத்தை முதலில் வெள்ளை, கறுப்பு, துளி அல்ட்ராமரைன் கலந்து வெளிச்சமும் நிழலுமாக முடித்துவிடுங்கள். காய்ந்த பிறகு, அல்ட்ராமரைனை ஆளிவிதை எண்ணெயில் தேன் பதத்துக்கு இளக்கி மேலே மெலிதாகப் பூசுங்கள். கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் உள்ளிருந்து நீலம் ஒளிரும். வெர்மீர் பயன்படுத்தியது இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் கிடைத்த லாபிஸ் லாசுலி என்னும் விலையுயர்ந்த கல்லை அரைத்து எடுத்த நீலம். நம் டியூபில் இருப்பது ஆலையில் செய்தது.

பின்னணியை வெறும் கறுப்பால் அடைக்காதீர்கள். இன்று கறுப்பாகத் தெரியும் அந்த இடத்தில் வெர்மீர் ஒரு பச்சைத் திரையைத் தீட்டியிருந்தார் என்பதை அதே ஆய்வு உறுதி செய்தது. அவுரி நீலமும் ஒரு மஞ்சள் தாவரச் சாயமும் சேர்ந்த மேல்பூச்சு காலப்போக்கில் மங்கிவிட்டது. அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்து, ஓக்கர் தொட்டுப் பூசினால் அந்த இருட்டுக்கு ஆழம் வரும். மஞ்சள் அங்கியை ஓக்கரும் அம்பரும் கொண்டு பெரிய தூரிகையில் ஒரே அமர்வில் முடியுங்கள்.

ஒன்பதாம் படி: கண், வாய், முத்து

இவை கடைசியில். கண்ணில் முதலில் குழியின் நிழல், அதற்குள் வெண்விழி. வெண்விழி வெள்ளை அல்ல, நிழலில் நிற்கும் சாம்பல். இமை முடிகள் வெறும் பார்வைக்குப் புலப்படாது. நுண்கருவியில் மட்டுமே தெரியும் அளவுக்கு மெலிதாக இருந்திருக்கின்றன. வாய்க்கு வெர்மில்லியன், கீழே அலிசரின், உதட்டு விளிம்புகள் கரைந்து நிற்கட்டும். வாயின் ஓரத்தில் மிகச் சிறிய வெளிர்ப் பொட்டு ஒன்று உண்டு. பழைய வார்னிஷுக்கும் பூச்சுக்கும் அடியில் மறைந்திருந்து, 1994 புதுப்பிப்பின்போது வெளிவந்தது. வாய் ஈரமாகத் தெரிவது அதனால்.

முத்துக்கு ஒரு அமர்வு ஒதுக்குங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் முத்தே இல்லை. மேலே இடப்பக்கம் தடித்த வெள்ளைத் தீற்றல் ஒன்று, அது சன்னல் வெளிச்சம். அடியில் மெல்லிய, மங்கலான சாம்பல் பூச்சு, அது வெள்ளைக் கழுத்துப்பட்டையின் பிரதிபலிப்பு. இரண்டுக்கும் நடுவே இருப்பது கழுத்தின் நிழல் நிறமே. காதிலிருந்து முத்தைத் தாங்கும் கொக்கியோ வளையமோ கிடையாது. நான் கொக்கி வரைந்திருந்தேன், ஒரு வாரம் கழித்துத்தான் அது என் சொந்தச் சரக்கு என்று கண்டேன். கழுத்து நிழல் சரியாகக் காய்ந்திருக்கட்டும். தூரிகை நிறைய வெள்ளை எடுத்து, ஒரே முறை வைத்து, கையை எடுத்துவிடுங்கள். சரியாக வரவில்லை என்றால் துணியால் முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். மேலே மேலே தேய்த்தால் அது மாவுருண்டையாகிவிடும்.

பத்தாம் படி: மழையிலிருந்து காப்பது

நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. வருடத்தில் இருமுறை ஈரம். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை படரும். சட்டத்தின் கீழ் மூலைகளில் பாட்டில் கார்க்கை நறுக்கி ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட விடுங்கள். பீரோவுக்குள் பூட்டாதீர்கள், இருட்டில் எண்ணெய் வண்ணம் மஞ்சளிக்கும். வெளிச்சமான அறையில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு, மழையில்லாத ஒரு நாளில். கேன்வாஸின் பின்புறம் ‘வெர்மீரைப் பார்த்து நகல்’ என்றும் உங்கள் பெயரும் வருடமும் எழுதுங்கள். முன்பக்கத்தில் கையெழுத்துப் போடுவது மரியாதை அல்ல.

பதினோராம் படி: சன்னலோரத்தில் ஓர் ஆள்

நகல் முடிந்த அதே மாதத்தில் உயிருள்ள ஒரு முகத்தைத் தீட்டுங்கள். தள்ளிப்போட்டால் கற்றது கையிலிருந்து போய்விடும். அதற்கு முன், முடிந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை. தக்கலைக்குப் பக்கம்தான். தூண்களையும் மரச்செதுக்கலையும் பார்த்தது போதும், இந்த முறை உடன் வரும் ஆட்களின் முகத்தைப் பாருங்கள். இருண்ட மர அறையில் ஒரே சன்னலின் வெளிச்சம் கன்னத்தில் விழுந்து, மறுபாதி இருட்டில் கரையும். வெர்மீரின் அறை அங்கேயே இருக்கிறது.

வீட்டில் அத்தையோ பாட்டியோ சம்மதித்தால் சன்னலுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். வெர்மீரின் தோல் கலவையை அவர்கள் முகத்துக்கு அப்படியே போடாதீர்கள். இங்கே தொடக்கம் வெள்ளையில் அல்ல, பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பிலும் ஓக்கரிலும். இதற்கென்று ஒரு சியன்னா டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை மிகக் குறைவு. மாநிறத் தோலில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் பளபளப்பு சிறியது, கூர்மையானது, வானத்தின் நீலம் கலந்தது. வெள்ளையில் துளி அல்ட்ராமரைனும் துளி கறுப்பும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இன்னும் கறுத்த தோலில் நிழலுக்குள் அலிசரினும் நீலமும் உயிர்ப்பாக இருக்கும், அம்பர் மட்டும் போட்டால் மண்ணாகத் தெரியும்.

பழைய வீடு என்றால் தாடைக்கு அடியில் கவனமாகப் பாருங்கள். சிவப்புச் சிமென்ட் தரையில் பட்ட வெளிச்சம் மேலே எழும்பி, கழுத்தின் நிழலுக்குள் இளஞ்சிவப்பாக நிற்கும். முத்தின் அடியில் வெள்ளைக் கழுத்துப்பட்டை தெரிந்ததே, அதே வேலைதான். திண்ணையில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் வாழையிலையின் பச்சை இருக்கும். நகலெடுக்கும் முன் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை.

அத்தை இருபது நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்கமாட்டார். எழுந்திருக்கட்டும், சாயா குடித்துவிட்டு வரட்டும். அவர் தோள் இருந்த இடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து வைத்தால் திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிடலாம். முதல் நாள் வெளிச்சமும் நிழலும் பிரியும் எல்லையை மட்டும் வையுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். மூக்கின் பக்கம் கை போகும்போது, அங்கே கோடு இருக்கிறதா என்று அத்தையின் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வையுங்கள்.